பிஞ்சுக் கழுத்தில் யார் கை வைக்கலாம்?

பிறந்து 2 வாரமே ஆன குழந்தை. அதன் கணுக்கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குகிறார் ஒருவர். பிறகு படுக்கவைத்து, உள்ளே வில்சுருள் பொருத்திய சிறு கருவி ஒன்றை வால் எலும்பருகே வைத்து விசையை அழுத்துகிறார். குழந்தை வீறிட்டு அழுகிறது. இத்தனைக்கும் குழந்தையின் அழுகையைக் குறைப்பதற்காகச் செய்யப்பட்ட சிகிச்சை இது.

2018இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் உள்ள ஒரு கைரோபிராக்டிக் (முதுகெலும்பைக் கையால் அழுத்திச் செய்யும் சிகிச்சை) நிலையம் தானே வெளியிட்ட காணொளி அது. 2019 பிப்ரவரியில் செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் அதைக் கையில் எடுத்தபோது நாடே அதிர்ந்தது. விக்டோரியா மாநிலச் சுகாதார அமைச்சர் ஜென்னி மிகாகோஸ் கடுமையாகக் கண்டித்தார். மார்ச் மாதமே, 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதுகெலும்பை விசையோடு தள்ளிச் செய்யும் சிகிச்சை கூடாது என்று ஆஸ்திரேலியக் கைரோபிராக்டிக் வாரியம் இடைக்காலத் தடை விதித்தது. 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இந்தச் சிகிச்சையால் நன்மை உண்டா, தீங்கு உண்டா என்று ஆராயும் பொறுப்பை மாநில அரசு 'சேஃபர் கேர் விக்டோரியா' என்ற அமைப்பிடம் ஒப்படைத்தது.

அந்த ஆய்வில் வெளிவந்த ஒரு முரண்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. ஆய்வுக்குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டபோது பல்லாயிரக்கணக்கான பெற்றோர் எழுதினார்கள். அவர்களில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் பிள்ளைக்கு நல்ல அனுபவமே கிடைத்ததாகச் சொன்னார்கள். ஆனால் உலகெங்கும் வந்த மருத்துவ ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பயன் இருப்பதற்கான ஆதாரம் மிக மிகக் குறைவு என்று தெரிந்தது. இத்தனை பெற்றோர் பொய் சொல்லியிருப்பார்களா? நிச்சயமாக இல்லை. ஆய்வுகள்தான் தவறா? அதுவும் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக முடியும் என்று புரிந்துகொண்டால், குழந்தை வைத்தியத்தில் பாதி புரிந்துவிடும்.

இது நம் வீடுகளுக்குப் புதிய விஷயமல்ல. பச்சிளங்குழந்தை மாலை நேரத்தில் விடாமல் கத்தினால் நம் பாட்டிமார் என்ன சொல்வார்கள்? 'கழுத்தை ஏந்தாமத் தூக்கியிருப்பீங்க, உரம் விழுந்திருக்கும்.' சேலையின் இரு முனைகளையும் இருவர் பிடிக்க, நடுவில் குழந்தையைக் கிடத்தி இப்படியும் அப்படியும் மெல்ல உருட்டி 'உரம் எடுப்பார்கள்'. குடலேற்றம் என்றால் விளக்கெண்ணெய் தடவி வயிற்றை வழிப்பார்கள். குளிப்பாட்டி முடித்ததும் கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குகிற வழக்கம் இன்றும் பல வீடுகளில் இருக்கிறது; குழந்தை மருத்துவர்கள் எவ்வளவு சொல்லியும் நிற்கவில்லை. அழுகிற குழந்தையின் உடம்பில் ஏதோ ஒன்று இடம் மாறிவிட்டது, தெரிந்த கை பட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை டேவன்போர்டிலும் இருந்தது, நம் திண்ணையிலும் இருந்தது.

டேவன்போர்ட் என்றது அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் ஊரை. கைரோபிராக்டிக் பிறந்தது அங்கேதான். கனடாவில் 1845இல் பிறந்து அமெரிக்காவுக்கு வந்த டேனியல் டேவிட் பால்மர் அந்த ஊரில் காந்த சிகிச்சை செய்துவந்தார். அவருடைய நிலையம் இருந்த கட்டடத்தில் ஹார்வி லில்லார்ட் என்ற துப்புரவுப் பணியாளர் வேலை செய்தார், காது கேளாதவர். அவர் முதுகில் ஒரு புடைப்பைக் கண்டு அழுத்தியதாகவும், கேட்கும் திறன் திரும்பியதாகவும் பால்மர் சொன்னார். 1895 செப்டம்பர் 18 என்று அந்த நாளை இந்தத் துறையினர் இன்றும் நினைவுகூர்கிறார்கள். செவி நரம்பு காதிலிருந்து நேராக மூளைத் தண்டுக்குப் போகிறது. முதுகுப் பக்கமே வருவதில்லை. ஆனால் அந்த ஒரு நிகழ்விலிருந்து பால்மர் ஒரு கோட்பாட்டையே கட்டி எழுப்பினார். 100இல் 95 நோய்களுக்கு முள்ளெலும்புகள் சற்றே இடம் பிசகி நரம்பை நெருக்குவதே காரணம் என்றார். அந்தப் பிசகுக்கு 'சப்லக்சேஷன்' என்று பெயர். 1897இல் பள்ளி தொடங்கினார். உரிமம் இல்லாமல் வைத்தியம் செய்ததாக 1906இல் சிறைக்கும் போனார்.

எல்லா நோய்க்கும் முதுகெலும்பே மூலம் என்றால் குழந்தைக்கும் அதுதானே மூலமாக இருக்க வேண்டும்? பிரசவத்தில் தலை திரும்பி வெளியே வரும்போதே கழுத்தெலும்பு பிசகிவிடுகிறது, ஆகவே பிறந்தவுடன் பார்த்துவிடுவது நல்லது என்ற பேச்சு இப்படித்தான் வந்தது. சளி பிடித்த காது, இரைப்பு, படுக்கையில் சிறுநீர் போவது, ஓயாத அழுகை, பால் குடிக்க மறுப்பது என்று பட்டியல் நீண்டது. இன்றைய கைரோபிராக்டர்களில் கணிசமானவர்கள் பால்மரின் கோட்பாட்டை விட்டுவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பிரிட்டன் போன்ற நாடுகளில் பல ஆண்டு படித்து உரிமம் பெற்றுத்தான் இந்தத் தொழிலைச் செய்ய முடியும். முதுகுவலி, கழுத்துவலியோடு நிறுத்திக்கொள்பவர்கள் அங்கே நிறையவே உண்டு. குழந்தைகளைப் பார்ப்பவர்களிலும் பலர் விரல் நுனியால் இலேசாக அழுத்துவதோடு சரி. அமெரிக்காவில் 2012இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி 4 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் 3.3 சதவீதத்தினர் அதற்கு முந்தைய ஓராண்டில் கைரோபிராக்டிக் அல்லது அதை ஒத்த ஆஸ்டியோபதி சிகிச்சை எடுத்திருந்தார்கள். 100 பேரில் மூவர். சிறிய எண்ணிக்கையாகத் தோன்றலாம். அந்த நாட்டின் மக்கள்தொகையில் அது பல லட்சம் பிள்ளைகள்.

நம் கைபேசியில் வரும் காணொளிகளில் 'கடக்' என்று கேட்கிறதே, அந்த ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை. எலும்பு இடத்தில் போய்ப் பொருந்தும் ஓசை என்றே பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். திருஷ்டி கழித்துவிட்டுப் பாட்டி நெற்றிப்பொட்டில் விரல் மடக்கி நெட்டி முறிப்பாளே, அதே ஒலிதான் இது. மூட்டைச் சட்டென்று இழுக்கும்போது உள்ளே இருக்கும் வழவழப்பான நீரில் வாயுக்குழி ஒன்று உருவாகிறது. 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விரல் மூட்டை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்து இழுத்து, அந்தக் குழி உருவாவதைப் படமாகவே எடுத்துக் காட்டினார்கள். ஒலி கேட்டது என்பதால் எதுவும் சரியானதாக ஆகாது.

பெர்கன் நகரத்துச் செவிலியின் மடி

அழுகைக்கு வருவோம். 1954இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் மோரிஸ் வெசல் ஓர் அளவுகோல் வகுத்தார். நன்றாக வளரும் ஆரோக்கியமான குழந்தை நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாட்களுக்கு மேல், 3 வாரங்களுக்கு மேல் அழுதால் அது 'கோலிக்'. 1962இல் டி. பெரி பிரேசெல்டன் என்ற மருத்துவர் தாய்மாரை நாட்குறிப்பு எழுதச் சொல்லிக் குழந்தைகளின் அழுகையை அளந்தார். 2 வாரக் குழந்தை நாளுக்கு சுமார் ஒன்றே முக்கால் மணி நேரம் அழுதது. 6ஆவது வாரத்தில் அது இரண்டே முக்கால் மணி நேரமாக ஏறியது. அதன் பிறகு இறங்கத் தொடங்கியது. கோலிக் உள்ள குழந்தைக்கும் ஏற்றம் இறக்கம் இதே போக்கில்தான், உயரம் மட்டும் கூடுதல். பெரும்பாலும் 3, 4 மாதங்களில் தானாகவே அடங்கிவிடும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். எந்தத் தாயும் தகப்பனும் அழுகை கொஞ்சமாக இருக்கும்போது வைத்தியம் தேடிப் போவதில்லை. தூக்கமில்லாமல் கண் எரிந்து, இனிமேல் தாங்காது என்ற நிலையில்தான், அதாவது அழுகை உச்சத்தில் இருக்கும்போதுதான் போகிறார்கள். உச்சிக்குப் பிறகு இறக்கம் மட்டும்தான். அந்த வாரம் யார் எதைச் செய்திருந்தாலும் அடுத்த வாரம் அழுகை குறைந்திருக்கும். உரம் எடுத்தாலும் குறையும். முதுகை அழுத்தினாலும் குறையும். எதுவும் செய்யாமல் விட்டாலும் குறையும். பேர் மட்டும் கடைசியாகப் பட்ட கைக்குப் போகிறது.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரே வழிதான் உண்டு. நார்வேயின் பெர்கன் நகரில் அதைச் செய்தார்கள். 2001இல் வெளிவந்த ஆய்வு. கோலிக் உள்ள 86 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்குக் கைரோபிராக்டர் முதுகெலும்பு சிகிச்சை செய்தார். மற்றப் பிரிவுக் குழந்தைகளை ஒரு செவிலி 10 நிமிடம் மடியில் வைத்திருந்தார், அவ்வளவுதான். எந்தக் குழந்தைக்கு எது நடந்தது என்று பெற்றோருக்குச் சொல்லவில்லை. முடிவில், சிகிச்சை பெற்ற 46 பேரில் 32 குழந்தைகளுக்கு முன்னேற்றம் என்றார்கள் பெற்றோர். மடியில் மட்டும் இருந்த 40 பேரில் 24 குழந்தைகளுக்கு முன்னேற்றம். இடையில் இருக்கும் சிறு வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது.

இந்த ஆய்வை நான் எத்தனையோ முறை படித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் மனம் நிற்பது அந்த 24 குழந்தைகளிடம்தான். அவர்களுடைய பெற்றோரிடம் மெல்பர்ன் ஆய்வுக்குழு கேட்டிருந்தால், அவர்களும் மனதாரத் திருப்தி என்றுதான் எழுதியிருப்பார்கள்.

ஆஸ்துமாவிலும் இதே கதைதான். 1998இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் கனடா ஆய்வு ஒன்று வந்தது. வழக்கமான மருந்தோடு சேர்த்து ஒரு பிரிவுப் பிள்ளைகளுக்கு உண்மையான கைரோபிராக்டிக் சிகிச்சை, இன்னொரு பிரிவுக்கு அதைப் போலவே தோன்றும் பாவனைச் சிகிச்சை. நான்கு மாதங்களுக்குப் பிறகு இரு பிரிவிலும் இரைப்பு குறைந்திருந்தது. பிள்ளைகள் நிம்மதியாக இருந்தார்கள். இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

இதையெல்லாம் வெளியே சொல்வதும் எளிதாக இருக்கவில்லை. பஞ்சாபிலிருந்து பிரிட்டனில் குடியேறிய குடும்பத்தில் பிறந்த அறிவியல் எழுத்தாளர் சைமன் சிங், 2008 ஏப்ரலில் 'கார்டியன்' நாளிதழில் எழுதிய கட்டுரையில், கோலிக்குக்கும் காது நோய்க்கும் ஆஸ்துமாவுக்கும் ஆதாரமில்லாத சிகிச்சையை பிரிட்டிஷ் கைரோபிராக்டிக் சங்கம் ஊக்குவிக்கிறது என்று விமர்சித்தார். சங்கம் பத்திரிகையை விட்டுவிட்டு அவர்மீது தனிப்பட்ட முறையில் அவதூறு வழக்குப் போட்டது. மன்னிப்புக் கேட்டு ஒதுங்கியிருந்தால் அவருடைய பணமும் காலமும் மிஞ்சியிருக்கும். அவர் நின்றார். 2010 ஏப்ரல் 1 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. இரண்டு வாரத்தில் சங்கம் வழக்கைத் திரும்பப் பெற்றது. அந்த வழக்கு எழுப்பிய கோபம், இங்கிலாந்தின் அவதூறுச் சட்டம் 2013இல் திருத்தப்பட ஒரு காரணமாயிற்று. குழந்தையின் அழுகையில் தொடங்கிய ஒரு கேள்வி ஒரு நாட்டின் பேச்சுரிமைச் சட்டம் வரை போயிருக்கிறது.

பயன் இல்லாவிட்டால் போகட்டும், தீங்கு இல்லையே என்று கேட்கலாம். உண்மையைச் சொன்னால், மோசமான தீங்கு அரிது. ஆஸ்திரேலிய ஆய்விலும் பெரிய பாதிப்பு என்ற புகார்கள் மிகக் குறைவாகவே கிடைத்தன. ஆனால் சிசுவின் உடற்கூற்றை அறிந்தவர்கள் நிம்மதி அடைய மாட்டார்கள். பச்சிளங்குழந்தையின் தலை உடல் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு. அதைத் தாங்கும் கழுத்துத் தசைக்கு வலுவில்லை. முதுகெலும்பில் பெரும்பகுதி இன்னும் குருத்தெலும்பு. கட்டும் நார்களோ தளர்வானவை. ஆகவே சிசுவின் முதுகெலும்புத் தொடர் அறுபடாமல் இரண்டு அங்குலம் வரை நீளக்கூடியது. உள்ளே இருக்கும் தண்டுவடமோ கால் அங்குலத்துக்கு மேல் நீண்டால் அறுந்துவிடும். எக்ஸ்ரேயில் எலும்பு பழுதில்லாமல் தெரியும், உள்ளே தண்டுவடம் சேதமாகியிருக்கும். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் சிலருக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கு இடையே பிடிமானம் தளர்ந்திருக்கும். அங்கே விசையோடு திருப்புவது பேராபத்து.

2007இல் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் சுனிதா வோராவும் குழுவினரும் அதுவரை மருத்துவ ஏடுகளில் வந்த தகவல்களைத் தேடித் தொகுத்தார்கள். முதுகெலும்பு சிகிச்சையால் பிள்ளைகள் நேரடியாகப் பாதிக்கப்பட்ட 14 நிகழ்வுகள் கிடைத்தன. அவற்றில் 9 கடுமையானவை. மூளையைச் சுற்றி இரத்தக்கசிவும் இடுப்புக்குக் கீழ் செயலிழப்பும் அவற்றில் அடக்கம். எத்தனை பேருக்கு ஒருவர் என்று இதிலிருந்து கணக்குப் போட முடியாது. ஏட்டில் வந்தவை மட்டும்தான் இவை. என்னை அதிகம் உறுத்துவது அதே ஆய்வின் அடுத்த எண். நோய் ஒன்றிருக்க, முதுகை அழுத்திக்கொண்டு நாள் போக்கியவை அல்லது செய்யவே கூடாத நிலையில் செய்தவை 20. ஒரு பிள்ளைக்கு நீரிழிவு. ஒன்றுக்கு நரம்புத் திசுப் புற்றுநோய். ஒன்றுக்கு மூளைக்காய்ச்சல். குழந்தைக்குக் காய்ச்சலும் எரிச்சலும் இருக்கும்போது ஒரு நாள் என்பதே நீண்ட காலம்.

பதின்வயதின் முதுகு வேறு

சிசுவுக்குச் சொன்னதை அப்படியே பதின்வயதினருக்கும் சொல்வது நியாயமாகாது. 14 வயதுப் பிள்ளைக்கு உண்மையாகவே முதுகு வலிக்கும். புத்தகப் பை, நாள் முழுக்கப் பெஞ்சு, இரவெல்லாம் கைபேசி, திடீரென்று நீளும் எலும்பு. பையின் எடை பிள்ளையின் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கை சொல்கிறது. எந்த வீட்டிலும் எடைபோட்டுப் பார்க்கலாம். இந்த வயதுக்குக் கைரோபிராக்டிக் தரப்பில் ஒரு நல்ல ஆய்வு உண்டு. நாள்பட்ட இடுப்புவலி உள்ள 12 முதல் 18 வயது வரையிலான 185 பேரிடம் அமெரிக்காவில் நடத்தி 2018இல் வெளியிட்டார்கள். 12 வாரம் உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட, உடற்பயிற்சியோடு முதுகெலும்பு சிகிச்சையும் பெற்றவர்களுக்கு ஓராண்டுக் காலத்தில் வலி கூடுதலாகக் குறைந்தது. அதை மறைக்கக் கூடாது. ஆனால் இரு பிரிவுக்கும் பொதுவாக இருந்தது உடற்பயிற்சி என்பதும், இங்கே கேட்கப்பட்டது வலி மட்டும்தான், ஆஸ்துமாவோ கவனக்குறைவோ அல்ல என்பதும் நினைவிருக்கட்டும்.

முதுகு வளைவில்தான் நாட்கள் விலைமதிப்புள்ளவை. தோள் ஒன்று உயர்ந்து, தாவணியோ சட்டையோ ஒரு பக்கம் இறங்கியே நிற்கும். பிள்ளையை முன்னால் குனியச் சொல்லிப் பின்னாலிருந்து பார்த்தால் விலா ஒரு பக்கம் புடைத்துத் தெரியும். எக்ஸ்ரேயில் 10 டிகிரிக்கு மேல் இருந்தால் அது ஸ்கோலியோசிஸ். 20இலிருந்து 40 டிகிரி வரை வளைந்த, இன்னும் வளர்கிற பிள்ளைகளுக்கு பிரேஸ் எனும் உடற்கவசம் உதவுமா என்று அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த பெரிய ஆய்வு 2013இல் வெளியானது. கவசம் அணிந்தவர்களில் 72 சதவீதத்தினருக்கு வளைவு அறுவை சிகிச்சை அளவுக்குப் போகவில்லை. அணியாமல் கண்காணிப்பில் இருந்தவர்களில் அது 48 சதவீதம். நாளில் 13 மணி நேரம் அணிந்த பிள்ளைகளுக்குப் பலன் இன்னும் அதிகம். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். வளர்ச்சி முடிந்துவிட்டால் கவசத்துக்கு வேலை இல்லை. கையால் அழுத்தி நேராக்கித் தருகிறேன் என்று யாரோ சொல்ல, அந்த ஆண்டைக் கோட்டைவிட்ட பிள்ளைக்கு இழப்பு திரும்பி வராது.

வேகப்பந்து வீசும் பையன் கீழ்முதுகு வலிக்கிறது என்றால் 'சுளுக்கு' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முதுகெலும்பின் பின்வளைவில் மயிரிழை முறிவு வருவது அந்த வயதுப் பந்துவீச்சாளர்களிடம் நன்கு அறியப்பட்டது. இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, காய்ச்சல், உடல் மெலிவது, காலில் பலமின்மை, சிறுநீர் கட்டுப்பாடு போவது — இவற்றில் ஒன்று இருந்தாலும் வர்ம ஆசானோ கைரோபிராக்டரோ பிசியோதெரபிஸ்ட்டோ யாரும் கை வைக்கும் முன் மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

மெல்பர்னுக்குத் திரும்புகிறேன். 2019 அக்டோபரில் வந்த அறிக்கை, 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பொது ஆரோக்கியத்துக்காகவோ, கோலிக், ஆஸ்துமா, காது நோய், படுக்கையில் சிறுநீர் போவது, ஆட்டிசம் போன்ற நிலைகளுக்காகவோ முதுகெலும்பை விசையோடு தள்ளும் சிகிச்சை செய்யக் கூடாது என்று பரிந்துரைத்தது. ஆனால் விவகாரம் அடங்கவில்லை. 2023 இறுதியில் வாரியம் தன் தடையைத் தளர்த்தியது. 2024இல் அது வெளியே தெரிந்ததும் நாட்டின் சுகாதார அமைச்சர்கள் எல்லோரும் விளக்கம் கேட்டார்கள். ஜூன் மாதம் 2 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான தடை திரும்ப வந்தது. அது சரியான முடிவு என்றே நான் எண்ணுகிறேன். பயன் தெளிவில்லாத இடத்தில், சொல்லத் தெரியாத உயிரின் கழுத்தை வைத்துப் பரீட்சை பார்க்கக் கூடாது.

அந்தப் பல்லாயிரம் பெற்றோரை மட்டும் என்னால் குற்றம் சொல்ல முடியவில்லை. 'குழந்தை நல்லாத்தான் இருக்கு, போங்க' என்று இரண்டு நிமிடத்தில் அனுப்பப்பட்டவர்கள் அவர்களில் எத்தனையோ பேர் இருப்பார்கள். கைரோபிராக்டர் அரைமணி நேரம் உட்காரவைத்துக் கேட்டார். எப்போது அழுகிறது, எப்படி அழுகிறது, நீ தூங்கினாயா அம்மா என்று விசாரித்தார். அது மருத்துவமனையில் கிடைத்திருக்க வேண்டியது.

என் மகளுக்கு அப்போது ஒன்பதாவது வாரம். மூன்று வாரமாகத் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பித்துப் பத்து மணி வரை அழுவாள். மருத்துவர் பார்த்து ஒன்றுமில்லை என்றுவிட்டார். அம்மா பொறுக்க முடியாமல் பக்கத்துத் தெரு அத்தையைக் கூட்டிவந்தார். அத்தை குழந்தையின் கழுத்தை உள்ளங்கையில் ஏந்தி வாங்கினார். பழைய நூல் சேலையில் கிடத்தி நாலைந்து முறை தாலாட்டுவதுபோல உருட்டினார். ஒரு வாரத்தில் அழுகை குறைந்தது. உரம் எடுத்ததால்தான் என்று பல வருடம் நம்பினேன். பிரேசெல்டனின் கணக்கைப் படித்த பிறகு விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்: அவள் உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கியிருந்த வாரம் அது.

ஆனால் அன்று இரவு நடந்த இன்னொன்று எனக்கு மறக்கவில்லை. உருட்டி முடித்ததும் அத்தை கிளம்பிப் போய்விடவில்லை. குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, என் மனைவியிடம், 'நீ போய்ச் சூடாச் சாப்பிடு தாயி, நான் பாத்துக்கிறேன்' என்றார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து, பல நாட்களுக்குப் பிறகு, இரண்டு கையும் சும்மா இருக்க ஒரு முழுச் சாப்பாடு சாப்பிட்டாள். கூடத்தில் குழந்தை அழுதுகொண்டுதான் இருந்தது. அத்தை நடந்துகொண்டே இருந்தார்.